ஆடு தொடாத இலையின் சரித்திரம்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கிவிட்டால், நம்ம மயிலாடும்பாறைப் பக்கத்திலே வீட்டுக்கு ஒருத்தராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார். தடுமன் என்கிறோம், நீர்க்கோவை என்கிறோம், சளி பிடித்துக்கொண்டது என்கிறோம். படித்தவர்கள் ஜலதோஷம் என்பார்கள். பேர் எதுவானாலும் அவஸ்தை ஒன்றுதான். உடனே வீட்டிலே இருக்கிற பெரியவர்கள், "அந்த ஓடைக்கரையிலே நாலு ஆடாதோடை இலை பறிச்சிட்டு வாடா" என்று பையனை விரட்டுவார்கள். பையன் பறித்து வருகிற அந்த இலைக்குப் பின்னாலே ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் நீலகிரி வருகிறது, கல்கத்தா வருகிறது, ஜெர்மனி வருகிறது. மருந்துக் கடையிலே நாம் காசு கொடுத்து வாங்குகிற இருமல் டானிக்கும் அதிலேயே வருகிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

செடி உங்களுக்குத் தெரிந்ததுதான். மாவிலை மாதிரி நீண்ட இலை, வெள்ளைப் பூ, ஆள் உயரத்துக்கு மேலேயும் வளரும். வேலியிலே வைத்தால் காவல் போட வேண்டியதில்லை. வெள்ளாடு எதையும் விடாது. எருக்கைக்கூட சில சமயம் கடித்துப் பார்க்கும். ஆனால் இதன் பக்கம் வாய் வைக்காது. ஆடு தொடாத இலை என்பதனாலே ஆடாதோடை என்று பேர் வந்தது என்று சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவன் வைத்த பேர் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் எந்தச் செடியை ஆடு தின்னும், எதைத் தின்னாது என்று அவனுக்குத்தானே முதலில் தெரியும்?

இந்தப் பேர் கடல் தாண்டிப் போயிருக்கிறது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பேர் வைத்துப் புத்தகம் போட்டார். இலங்கையிலிருந்து போன இந்தச் செடிக்கு அவர் வைத்த பேர் 'ஜஸ்டீசியா அடதோடா'. இன்றைக்கும் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அந்தப் பேரிலேதான் அதை எழுதுகிறார்கள். நம்ம பக்கத்து வாயிலே புழங்குகிற சொல், கொஞ்சம் நாக்குப் புரண்டு, அப்படியே நிற்கிறது.

சித்த வைத்தியத்திலே ஆடாதோடை வெகு காலமாக இருக்கிற சரக்கு. இருமல், இரைப்பு, கோழைக்கட்டு இவற்றுக்குக் குடிநீராகவும் மணப்பாகாகவும் கொடுப்பார்கள். வடநாட்டு ஆயுர்வேதத்திலே இதற்கு 'வாசா' என்று பேர். இந்தச் செடி இருக்கிற ஊரிலே காசநோய்க்காரர் மனம் தளர வேண்டாம் என்கிற அளவுக்கு அவர்கள் இதன்மேலே நம்பிக்கை வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது நீலகிரிக்குப் போவோம். 1860-களிலே வெள்ளைக்கார அரசாங்கம் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா மரத்தைக் கொண்டுவந்து ஊட்டி மலையிலே பயிர் செய்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா அந்த மரத்துப் பட்டையிலிருந்துதான் வரும். காய்ச்சல் என்றால் அந்தக் காலத்திலே சாதாரணம் இல்லை. நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்கே தண்ணீர் தந்த பெரியாறு அணையைப் பென்னிகுக் துரை 1887 முதல் 1895 வரை கட்டியபோது, அந்த மலைக் காட்டிலே மலேரியாவுக்குப் பலியான தொழிலாளிகள் எத்தனையோ பேர். பட்டையிலே எவ்வளவு சத்து இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துச் சொல்வதற்காக உதகமண்டலத்திலே அரசாங்கம் ஒரு ரசாயன நிபுணரை நியமித்திருந்தது. 1884 முதல் அந்த வேலையிலே இருந்தவர் டேவிட் ஹூப்பர்.

ஹூப்பர் சிங்கோனாவோடு நிற்கவில்லை. இந்த நாட்டு வைத்தியர்கள் உபயோகிக்கிற செடிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார். 1888-ஆம் ஆண்டு ஆடாதோடை இலையிலிருந்து கசப்பான ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, 'வாசா' என்ற பேரை வைத்து அதற்கு 'வாசிசின்' என்று பேரிட்டார். அவரும் டைமாக், வார்டன் என்ற இருவரும் சேர்ந்து நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1890-க்கும் 1893-க்கும் இடையிலே மூன்று பாகம் புத்தகமும் வெளியிட்டார்கள்.

அதே காலத்திலே இன்னொரு சங்கதியும் கவனத்துக்கு வந்தது. விவசாயிகளுக்கு இதுதான் ருசிக்கும். வடக்கே சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கிலே நெல் வயலுக்கு ஆடாதோடைத் தழையை உரமாகப் போடுகிறார்கள், அதனாலே தண்ணீரிலே வளர்கிற களைகளும் சாகின்றன என்று ஜார்ஜ் வாட் என்ற அதிகாரி எழுதினார். இலைச்சாறு சின்னப் பூச்சி புழுக்களுக்கு விஷம் என்றும் சோதனையிலே தெரிந்தது. நாம் இன்றைக்கு வேப்பிலை, நொச்சி, எருக்கு, ஆடாதோடை எல்லாம் சேர்த்து மாட்டுக் கோமியத்திலே ஊறப்போட்டுப் பூச்சி விரட்டி தயார் பண்ணுகிறோமே, அதற்கு 130 வருஷத்துக்கு முந்தியே சாட்சி இருக்கிறது. ஆடு தொடாததற்கும் பூச்சி அண்டாததற்கும் காரணம் அந்தக் கசப்புச் சத்துத்தான். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கிற ஆயுதம் அது. மனுஷன் அதைத் தன் இருமலுக்கு எடுத்துக்கொண்டான்.

1900-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருந்து நூலுக்கு இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் என்று ஒரு சேர்க்கை போட்டார்கள். ஆடாதோடை அதிலே ஏறியது. அப்புறம் 1925-வாக்கிலே கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ராவும் அவரோடு வேலை செய்தவர்களும் வாசிசினை எடுத்து, மூச்சுக்குழலுக்கு அது என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். மூச்சுக்குழல் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கிறது, கோழை கழன்று வருகிறது என்று கண்டார்கள். ரொம்பப் பெரிய சக்தி வாய்ந்த மருந்து என்று அவர்கள் கொட்டி முழக்கவில்லை. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது.

நம்ம மாகாணத்திலும் அப்போதுதான் நாட்டு வைத்தியத்துக்கு ஒரு மரியாதை வந்தது. முகமது உஸ்மான் தலைமையிலே சென்னை அரசாங்கம் 1921-இல் ஒரு கமிட்டி போட்டது, 1923-இல் அறிக்கை வந்தது. 1925-இல் சென்னையிலே சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் சொல்லிக்கொடுக்க அரசாங்கப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பாளையங்கோட்டையிலே சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல் வந்தது. 1983-இல் டாம்ப்கால் என்ற அரசு நிறுவனத்தை ஏற்படுத்தி, ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய சித்த மருந்துகளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சித்தப் பிரிவிலே நாம் வாங்குகிற ஆடாதோடை மணப்பாகு இப்படிப் படிப்படியாக வந்த பாதையிலே வந்து சேர்ந்ததுதான்.

இனி ஜெர்மனிக் கதை. வாசிசினுடைய ரசாயன அமைப்பை வைத்துக்கொண்டு, அதை மாதிரியே ஆனால் கோழையை இன்னும் நன்றாக இளக்குகிற பொருளைச் செய்ய முடியுமா என்று அந்த நாட்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் முயன்றார்கள். 1960-களிலே 'புரோம்ஹெக்சின்' என்ற மருந்து வந்தது. அந்தப் புரோம்ஹெக்சின் உடம்புக்குள்ளே போய் மாறுகிற பொருளையே தனியாக எடுத்து 1970-களின் கடைசியிலே 'அம்பிராக்சால்' என்று இன்னொரு மருந்தும் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டிலே இருமல் டானிக் பாட்டில் இருந்தால் லேபிளைப் பாருங்கள். இந்த இரண்டிலே ஒரு பேர் அநேகமாக இருக்கும். நம்ம ஓடைக்கரைச் செடியினுடைய பேரப்பிள்ளைகள் அவை. இலையிலிருந்து எடுப்பதில்லை, முழுக்கத் தொழிற்சாலையிலே செய்வது. ஆனால் யோசனை கொடுத்தது இலை.

யோசனை கொடுத்த நாட்டுக்கு, வைத்தியருக்கு, ஆட்டுக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. அந்தக் காலத்திலே அப்படிக் கேட்கச் சட்டமும் இல்லை. 1992-இல் ரியோ நகரத்திலே நாடுகள் கூடி உயிரினச் செல்வத்துக்கு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நம்ம நாடு 2002-இல் உயிரியல் பல்வகைமைச் சட்டம் போட்டது. இனிமேல் ஒருவர் நம் மூலிகையை எடுத்துப் பெரிய மருந்து செய்தால் பலனிலே பங்கு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆடாதோடைக்கு அது காலம் கடந்த கலியாணம்.

சரி, சளிக்கு வருவோம். சளி எதனாலே வருகிறது? பனியிலே நின்றதாலே என்போம், மோர் குடித்ததாலே என்போம். இங்கிலாந்திலே சாலிஸ்பரி என்ற ஊரிலே 1946-இல் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்து, 40 வருஷத்துக்கு மேலே நடத்தினார்கள். ஆரோக்கியமான ஆட்களை வரவழைத்து, சம்மதம் வாங்கி, மூக்கிலே சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள்! தடுமனுக்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமிகள், அவற்றிலே முக்கியமான ஒரு வகையில் மட்டும் 100-க்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. அதனாலேதான் இதற்கு ஒரு தடுப்பூசி போட முடியவில்லை. ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்று வரும்.

சாதாரணத் தடுமனைக் கொல்லுகிற மருந்து சித்தத்திலும் இல்லை, இங்கிலீஷ் வைத்தியத்திலும் இல்லை. ஏழு நாளிலிருந்து பத்து நாளுக்குள்ளே அதுவே போய்விடும். ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவுக்கு உண்டான மருந்து. வைரஸ் தடுமனுக்கு அதை வாங்கி விழுங்குவது களை எடுக்க வேண்டிய இடத்திலே பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி. நெல்லிக்காயிலே இருக்கிற வைட்டமின் சி-யைப் பற்றி 1970-இல் லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு புத்தகம் எழுதி, அதுவே சளியைத் தடுக்கும் என்றார். உலகமே மாத்திரை விழுங்கியது. பிறகு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததிலே, தினமும் சாப்பிடுகிறவர்களுக்கும் சளி வரத்தான் செய்கிறது, வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகிறது என்றுதான் ஏற்பட்டது. நெல்லிக்காய் தின்னுங்கள், நல்லதுதான். சளி வராது என்று பந்தயம் கட்டாதீர்கள்.

ஆடாதோடையும் அப்படித்தான். தடுமனைத் தடுக்காது. ஆனால் நெஞ்சிலே ஒட்டிக்கொண்ட கோழை இளகி வெளியேறுவதற்கு உதவும். வளர்ந்தவர்கள் நாலைந்து இலையை நரம்பு நீக்கி, துளி மிளகும் அதிமதுரமும் சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டம்ளராக வற்றவைத்து, தேன் கலந்து காலை மாலை மூன்று நாலு நாள் குடித்தால் போதும். கூடக் குடித்தால் கூடக் குணம் என்பது கிடையாது. அளவு மீறினால் வாந்தியும் பேதியும் வரும். மணப்பாகு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சியது, ஆகவே நீரிழிவுக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

2020-இல் கொரோனா வந்தபோது நாம் எல்லாரும் கபசுரக் குடிநீர் குடித்தோம். சுக்கு, திப்பிலி, இலவங்கம், சீந்தில், நிலவேம்பு என்று 15 சரக்கு சேருகிற அந்தக் குடிநீரிலே ஆடாதோடையும் ஒன்று. அந்த ஏப்ரல் மாதம் அரசாங்கம் 'ஆரோக்கியம்' என்று திட்டமே அறிவித்தது. தெருவுக்குத் தெரு அண்டாவிலே வைத்து ஊற்றினார்கள். பயந்திருந்த ஜனங்களுக்கு அது ஒரு தெம்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலபேர் அதைக் காப்பித்தண்ணி மாதிரி மாதக்கணக்கிலே குடித்தார்கள். குடிநீர் இருக்கும்போது தடுப்பூசி எதற்கு என்றும் சிலபேர் இருந்தார்கள். அது வைத்தியர்கள் சொன்னது அல்ல.

தாய்மார்கள் மூன்று விஷயத்தை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்கிற குணம் உடையது. ஜம்மு நகரத்து அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்திலே இதை விரிவாகச் சோதித்து, 1980-இல் சி.கே. அட்டல் புத்தகமாகவே வெளியிட்டார். பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் மருந்தாக இதை உபயோகிக்கலாமா என்பதுதான் அந்த ஆராய்ச்சியே. அப்படியானால் வயிற்றுப்பிள்ளைக்காரி இருமலுக்கென்று இதைக் குடிப்பது எவ்வளவு ஆபத்து, யோசித்துக்கொள்ளுங்கள். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்ற பேச்சு இந்த இடத்திலே செல்லாது.

அடுத்தது கைக்குழந்தை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது, கஷாயமும் கூடாது. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற நொச்சித் தண்ணீருக்குப் பக்கத்திலே பிள்ளையை வைக்காதீர்கள், சட்டி கவிழ்ந்து வெந்துபோகும். கடை டானிக்கும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்திலே விஷப்பொருள் கலந்த இருமல் மருந்து சாப்பிட்டு இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த மருந்து நம்ம தமிழ்நாட்டிலே தயாரானது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அதன் பேரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே சளி இருமல் மருந்தே கொடுக்கக்கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்று அறிவித்தது. குழந்தைக்குச் சளியென்றால் தாய்ப்பாலும், கதகதப்பும், மூக்கைச் சுத்தமாக வைப்பதுமே முதல் வைத்தியம்.

ஆனால் எது சளி, எது நிமோனியா என்று தெரிய வேண்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், ஒரு வயதுக்கு உட்பட்டது 50, ஐந்து வயதுக்கு உட்பட்டது 40 எட்டினாலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போனாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், அது கஷாயம் காய்ச்சுகிற நேரம் இல்லை. 108-க்குப் போன் போடுங்கள். க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற தூரத்தை நினைத்து, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முன்னே காசநோயைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரத்துக்கு மேலே இருமல் நின்றபாடில்லை, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு மெலிகிறது என்றால், அதை ஆடாதோடையிலே தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலே சளியைச் சோதிக்கக் கொடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். வாசா இருந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை, வேறு மருந்து இல்லாத காலத்து நம்பிக்கை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டிலே தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலே இருந்தபடியே காசநோய் குணமாகும், சானடோரியத்திலே படுக்க வேண்டியதில்லை என்று 1959-இல் உலகத்துக்கே காட்டியது. நம் ஊரிலே கண்ட உண்மை அது. இலையை நம்பி அந்த மாத்திரையை விட்டவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் நோயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று நம்ம கடமலை - மயிலைப் பக்கத்துக்கே உரியது. இலவங்காய் உடைத்துப் பஞ்சு பிரிக்கிற காலத்திலே வருகிற தும்மலும் இருமலும் பெரும்பாலும் தடுமன் அல்ல, தூசி. அதற்குக் கஷாயத்தைவிட மூக்கை மூடிக் கட்டுகிற ஈரத்துண்டு மேல்.

பயிர் விஷயமாக இரண்டு வார்த்தை. ஆடாதோடைக்கு விதை தேட வேண்டாம். முற்றிய தண்டை மூன்று நாலு கணு இருக்கிற மாதிரி சாண் அளவுக்கு நறுக்கி, மழைக்காலத்திலே வேலியோரம் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். வெள்ளாடு வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட லாபமான உயிர்வேலி கிடையாது. கவாத்துப் பண்ணின தழையைச் சேற்றிலே மிதித்துவிடலாம், பூச்சி விரட்டிக்கும் போடலாம். மருந்துக் கம்பெனி வாங்கும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு ஏக்கர் கணக்கிலே நட்டுவிடாதீர்கள். வாங்குகிற ஆள், விலை, எடை, காய்ந்த இலையா பச்சையா என்பதை எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு பிறகு நடுங்கள். இலையைப் பறித்து நிழலிலே உலர்த்த வேண்டும், வெயிலிலே போட்டால் கருகி மதிப்பு போய்விடும். காய்ந்த ஆடாதோடையிலே பீநாறி மரத்து இலையைக் கலந்து விற்கிற பழக்கம் வியாபாரிகளிடம் உண்டு. அந்தக் கலப்படம் உங்கள் மூட்டையிலே இருந்தால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். ஆகவே பறிக்கிற கூலியாட்களுக்குச் செடியைக் காட்டிக்கொடுத்து, பக்கத்திலே நின்று பறிக்கச் சொல்லுங்கள்.

வேலிக்கு நாலு குச்சி வேண்டுமென்றால், இந்தக் கார்த்திகை மழைக்குள்ளே ஊன்றிவிடுங்கள்.